குனிஹாராவின் நாற்காலி

செத்துப்போன மனுஷன்மேல் பொறாமைப்படுவதைப் போல வீண்வேலை வேறு இல்லை என்று எனக்கும் தெரியும், தெரிந்துதான் படுகிறேன். அரங்கத்து வாசலில் ஆளுயரத்துக்கு அவர் படத்தை நிறுத்தியிருக்கிறார்கள். சேய்ஜி குனிஹாரா, நூற்றாண்டு விழா, ஜப்பானியப் படங்கள், அனுமதி இலவசம். சமோசாவும் டீயும் உண்டு என்பதை விளம்பரத் தட்டியில் போடவில்லை, அதை வேதமூர்த்தி எல்லோருக்கும் போனில் சொல்லிவிட்டார். பிலிம் சொசைட்டி செயலாளர், கூட்டம் சேர எது தேவை என்று அறிந்தவர். படத்தில் குனிஹாரா வெயிலில் நிற்கிறார், கையில் மடித்த குடை, முகத்தில் பல்வலிக்காரர் சிரிப்பு. என் இயக்குநர் துரையிடமும் இப்போது அப்படி ஒரு குடை இருக்கிறது, மூங்கில் பிடி போட்டது, யாரோ ஒசாகாவிலிருந்து வாங்கி வந்து கொடுத்தார்களாம். சென்னையில், பங்குனி வெயிலில், நீளக் குடையை ஊன்றிக்கொண்டு படப்பிடிப்புக்குப் போகிறான். எப்படியாவது போகட்டும், அவன் கை, அவன் குடை. நாலாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன், முழங்காலை நீட்ட இடம் வேண்டும். ஏசி குளிர்ந்தது, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வியாழக்கிழமை காலை அவன் போன் பண்ணியதிலிருந்து இந்த நிமிஷம்வரை என் மண்டைக்குள் ஒரே ஒரு சொல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஞாயித்துக்கிழமை வா வல்லி, படம் முடிஞ்சதும் பேசணும்." பேசணும். புதுப் படம் ஆரம்பிக்கிறான் என்று ஊருக்கே தெரியும். எடிட்டிங் யார் என்று மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. படம் எனக்கென்றால் போனிலேயே, எப்போ வர்றே, என்று கேட்டிருப்பான், ஏழு படத்துக்கும் அப்படித்தான் கேட்டான். இல்லையென்றால் நேரில் கூப்பிட்டு எதற்குச் சொல்ல வேண்டும், வேதமூர்த்தியின் சமோசாவைத் தின்றபடி நான் அதைக் கேட்க வேண்டுமா. இல்லை, நல்ல சேதியை நேரில்தான் சொல்வார்கள். இப்படியே நாலு நாளாக, சோறு வடிக்கும்போதும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும், அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஷாட்டை எத்தனை தடவை ஓட்டினாலும் அதில் இருப்பதுதான் இருக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவள் நான்.

ஞானதுரை இயக்கம், மரகதவல்லி படத்தொகுப்பு. ஏழு தடவை திரையில் அடுத்தடுத்து வந்த பெயர்கள், இடையில் ஒளிப்பதிவும் இசையும் வந்தாலும் என் கண்ணுக்கு அடுத்தடுத்துதான். முதல் படம் பண்ணும்போது எங்களிடம் ஒன்றுமில்லை, சாலிகிராமத்தில் ஒரு மாடியறை, வாடகைக்கு எடுத்த மெஷின், ஒரு சக்கர நாற்காலி எனக்கு, எனக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி அவனுக்கு. அவன் முன்னால் வந்து உட்காரவே மாட்டான். முன்னால் இருந்தால் உன் முகத்தைப் பார்த்துடுவேன், உனக்குப் பிடிச்சுதா இல்லையான்னு தெரிஞ்சுடும், அப்புறம் நான் கெட்டேன், என்பான். பின்னால் உட்கார்ந்து என் கொண்டையைத் திட்டுவான், பாதிப் படம் உன் கொண்டைக்குப் பின்னாடி இருக்கு வல்லி, என்று. ஷாட் போதும், வெட்டு, என்று சொல்ல வாயைத் திறக்க மாட்டான். என் நாற்காலியின் முதுகில் இரண்டு விரலால் தட்டுவான், டொக் டொக். அவ்வளவுதான். வெளியாட்கள் வந்து பார்த்தால் சிரிப்பார்கள், மாடு ஓட்டுகிற மாதிரி இருக்கே என்று. எனக்கு அது முதுகெலும்பிலேயே பதிந்துவிட்டது. இதற்கும் மூலகாரணம் அந்தக் குனிஹாராதான். அவர் படப்பிடிப்பில் 'கட்' என்று சொன்னதே இல்லையாம். நடிகர்கள் போன பிறகும் கேமரா ஓடும், அவர் முக்காலியில் உட்கார்ந்தபடியே இருப்பார், சுருள் தீரும்வரை ஓடும். அதைப் படித்த நாளிலிருந்து துரையும் 'கட்' சொல்வதை விட்டுவிட்டான். அந்த மகான் வாயை மூடிக்கொண்டிருந்தார், இவனும் மூடிக்கொண்டான், மலைமாதிரி வந்து குவிகிற காலிச் சுவரையும் காலி ரோட்டையும் உட்கார்ந்து பார்க்க நான் ஒருத்தி. ஷாட் எங்கே முடிகிறது என்று யாராவது முடிவு செய்ய வேண்டுமில்லையா. செட்டில் அவன் சொல்லவில்லை, அறையில் தட்டினான். தட்டினானே தவிர, எப்போதும் சீக்கிரமே தட்டினான். இதுதான் இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். பொறுமைக்குப் பெயர்போன ஞானதுரைக்குப் பொறுமையே கிடையாது. ஆள் கதவைத் தாண்டினதும் டொக் டொக். நான் கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோவேன், ம் என்பேன், அழுத்த மாட்டேன். ஓடட்டும் என்று விடுவேன். எனக்குள் ஏதோ ஒன்று போதும் என்று சொல்லும்வரை விடுவேன். மறுநாள் போட்டுப் பார்க்கும்போது, தான் எங்கே தட்டினோம் என்பதே அவனுக்கு மறந்திருக்கும். நல்லா வந்திருக்கு, என்பான்.

வந்துவிட்டான். குடை முதலில் தெரிந்தது, அப்புறம் நரைத்த தாடி, அப்புறம் அந்தப் பெண். அனகா. திருச்சூர்க்காரி, புனேயில் சினிமா படித்தவள், போன வருஷம் ஒரு மலையாளப் படத்துக்குத் தேசிய விருது வாங்கியவள். முப்பது வயது இருக்கலாம். காட்டன் புடவை, பாய்கட் மண்டை. கொண்டை இல்லை, பின்னால் உட்காருகிறவனுக்குத் திரை முழுசும் தெரியும் என்று எனக்குத் தோன்றியது, தோன்றினதுமே என்மேல் எனக்கு எரிச்சல் வந்தது. "வல்லி, வந்துட்டியா," என்று துரை குனிந்து தோளைத் தொட்டான், "இவ அனகா." எனக்குத் தெரியாதா. "வணக்கம் மேடம், உங்க படம் எல்லாம் கண்டிருக்கேன்," என்றாள். என் படம் என்றாள், அது பரவாயில்லை, அதற்கு ஒரு நொடி குளிர்ந்தேன், அப்புறம் இப்படிச் சொல்லிக் கவிழ்ப்பதற்கும் புனேயில் பாடம் இருக்கும் என்று நினைத்தேன். "உன் பின்னாடியே உக்காந்துக்கறோம், பழக்கம்," என்றான் துரை, சிரித்துக்கொண்டு. உக்காந்துக்கறோம். றேன் இல்லை, றோம். அவள் அஞ்சாவது வரிசையில் எனக்குச் சாய்வாக உட்கார்ந்தாள், நேர் பின்னால் இருந்த இருக்கையில் குடையைச் சாத்திவிட்டு அவன் மேடைக்குப் போனான், படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் பேசுவதற்கு. வேதமூர்த்தி அவனைத் தமிழின் குனிஹாரா என்று அறிமுகப்படுத்தினார், கூட்டம் கைதட்டியது, நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் யாராவது பார்ப்பார்கள்.

துரை நன்றாகப் பேசுவான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்டூடியோவில் லென்ஸ் பெட்டி தூக்கும் ஆளாகச் சேர்ந்தவர் குனிஹாரா என்று ஆரம்பித்தான். போர்க்காலத்தில் ராணுவத்துக்காகச் செய்திப்படம் எடுக்க வைத்தார்களாம், கப்பலேறப் போகும் பையன்களை வரிசையாக நிறுத்திக் கையசைக்கச் சொல்லி எடுத்தாராம், எடுத்ததில் பாதிப் பேர் திரும்பி வரவில்லையாம். அதற்கப்புறம்தான் அவர் கேமரா ஆட்களை விட்டுவிட்டு ஆட்கள் போன இடத்தைப் பார்க்க ஆரம்பித்தது என்றான். பாவி, இந்த மாதிரி ஒரு காரணம் வேறு அவருக்கு இருக்கிறது. எனக்கு என்ன காரணம் இருக்கிறது, போர் உண்டா கப்பல் உண்டா, நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான், அதை மேடையில் எப்படிச் சொல்வது. அப்புறம் பேர் வாங்கித் தந்த படங்கள், ஒரு வெளிநாட்டு விழாவில் பரிசு, அப்புறம் ஜனங்கள் வேகமான படங்களுக்குப் போனதும் ஸ்டூடியோ அவரை வெளியே அனுப்பியது, எட்டு வருஷம் படமே இல்லாமல் மச்சினன் கடையில் கணக்குப் பார்த்தது, திரும்பி வந்து கலரில் எடுத்தது. கலரிலும் அவர் சிவப்பை ஒரே ஒரு பொருளில்தான் வைப்பாராம், ஒரு படத்தில் சின்னத் தபால்பெட்டி, இன்னொன்றில் குழந்தையின் கையுறை. எல்லாவற்றையும் துரை தன் சித்தப்பாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னான். அப்புறம், நான் எதிர்பார்த்த இடம், நாற்காலி. எங்கள் இரண்டாவது படத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார்கள், வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வாசலில் காலியாகக் கிடக்கும், ரொம்ப நேரம் கழித்து ஒரு காற்று வந்து அதில் ஒரு நாற்காலி விழும். அந்த நாற்காலி விழுந்த பிறகுதான் துரை பெரிய இயக்குநர் ஆனான். குனிஹாராவின் நாற்காலி என்று ஒரு பத்திரிகைக்காரன் பெயரே வைத்துவிட்டான். "அந்தக் காத்துக்காக நான் காத்திருந்தேன்," என்றான் துரை மேடையில், கையை மார்பில் வைத்து, "காத்திருக்கக் கத்துக் கொடுத்தது குனிஹாரா." அவன் காத்திருக்கவில்லை. கேமராவை ஓடவிட்டு வேன் பக்கம் போன் பேசப் போயிருந்தான், வெட்டாத ரஷ்ஷில் அவன் குரல் தூரத்தில் கேட்கும், அந்த ஒலியை நான்தான் அழித்தேன். எடிட்டிங் அறையில், மாப்பிள்ளை வீட்டார் தெருமுனை தாண்டினதும் தட்டினான். நான் விட்டேன். காலி நாற்காலிகள், ஒரு காக்கா, தெருக்குழாயடியில் யாரோ குடம் வைக்கிற சத்தம், எனக்கு அந்தப் பெண் வீட்டுக்குள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று பயமாக இருந்தது, விட்டுக்கொண்டே இருந்தேன், விழுந்தது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது, ஏய், இது எப்போ விழுந்துச்சு. இதை இப்போது யாரிடம் சொல்லுவேன். அவன் பொய் சொல்கிறான் என்றாலாவது கோபப்படலாம். அவன் நம்புகிறான், அதுதான் என்னைக் கொல்கிறது.

என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார், அவனை நினைச்சு இப்படிப் பொருமுறியே, அவன் என்ன உனக்குப் புருஷனா. இல்லை. அந்த மாதிரிப் பொறாமையாக இருந்தால் எவ்வளவோ தேவலை, அதற்கு ஊரில் வழியும் வார்த்தையும் இருக்கிறது, ஒரு சண்டை, ஒரு அழுகை, முடிந்தது. இது வேறு. துரையின் மனைவியைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றாது, பாவம் என்றுதான் தோன்றும். அவன் தட்டுவதற்கு இன்னொருத்தி நாற்காலி வாங்கப் போகிறான் என்றால்தான் எனக்கு நெஞ்சு கரிக்கிறது. கடைசியாக நாங்கள் சேர்ந்து பண்ணியது மூன்று வருஷத்துக்கு முன்னால். நடுவில் நான் சீரியல் பண்ணுகிறேன். ஒருத்தி ஒரு சொல் சொன்னால் வீட்டிலுள்ள அத்தனை பேர் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்ட வேண்டும், இடி இடிக்க வேண்டும். யாரும் பின்னால் உட்காருவதில்லை. போன் வரும், மேடம், இன்னும் கொஞ்சம் இழுங்க, என்று. வேடிக்கையைப் பாருங்கள், அங்கேயும் என்னை இழுக்கத்தான் சொல்கிறார்கள். ராத்திரி படுத்தால் முதுகில் ஒரு இடம் குறுகுறுக்கும், தட்டுக்காகக் காத்திருக்கிற இடம். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் கால்சியம் மாத்திரை கொடுப்பார்.

விளக்கு அணைந்தது. துரை இருட்டில் தடவிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் உட்காருவது தெரிந்தது, அந்த மூச்சு, அந்த முழங்கால் சொடக்கு. குனிஹாராவின் ஒரு படத்தைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. துரை எத்தனையோ குறுந்தகடு கொடுத்தான், அப்படியே திருப்பிக் கொடுத்தேன். ஒரே வீம்பு. என்னிடம் இருப்பது அவரிடமிருந்து வந்தது என்று எவனும் சொல்லிவிடக் கூடாது, அதற்கு நான் பார்க்காமல் இருப்பது ஒன்றுதான் சாட்சி. இன்று அந்தச் சாட்சியும் போகப்போகிறது. திரையில் எழுத்துகள் ஓடின, சின்னச் சின்ன வீடுகள் மாதிரி ஜன்னலும் கதவும் வைத்த எழுத்துகள். கீழே ஆங்கிலத்தில் படத்தின் பெயரும் இயக்குநர் பெயரும் நடிகர்கள் பெயரும் மட்டும் வந்தன. மற்ற பெயர்களை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அதில் ஒன்று எடிட்டர் பெயராக இருக்கும். எது என்று தெரியவில்லை. அந்த ஒரு ஆள்மேல் மட்டும் எனக்குப் பொறாமை வரவில்லை. நீயும் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்திருந்தாய், அந்தக் குடைக்காரர் உன் பின்னால் இருந்தாரா முன்னால் இருந்தாரா, உன்னை என்ன செய்து நிறுத்தச் சொன்னார், என்று இருட்டில் கேட்டேன். பதிலுக்கு ஒரு ரயில் போனது.

படம் ஒரு ரயில் நிலையத்தைப் பற்றியது. பிளாட்பாரத்தில் பொட்டலச் சோறு விற்கிற ஒருத்தி. புருஷன் போரிலிருந்து திரும்பி வருகிறான், வந்தவனுக்கு வேறு ஊரில் வேறு குடும்பம் இருக்கிறது, தன்னுடைய பழைய கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறான், அவ்வளவுதான் கதை. நான் குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆரம்பத்தில் கிடைத்தது. ஒரு கிழவர் டிக்கெட் வாங்குகிற இடத்தில் இரண்டு கட் அவசரமாக இருந்தது, எனக்குக் குஷி. ஒரு இடத்தில் ஒலி முந்தி வந்தது, அதற்கும் குஷி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக என் குஷி குறைந்தது. இவர் சேதி கேட்கிறவர் முகத்தைக் காட்டுவதே இல்லை. புருஷன் அவளிடம் உண்மையைச் சொல்லும்போது கேமரா அவன்மேல் இருக்கிறது, சொல்லி முடித்து, என்ன செய்வது என்று தெரியாமல் பொட்டலத்தின் நூலைக் கட்டுகிறான், அவிழ்க்கிறான். அவள் முகத்தை நாமே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, நான் நினைத்துக்கொண்ட முகம் என்னுடையதாக இருந்தது. வியாழக்கிழமை போன் வந்தபோது நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அதனால் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, இப்படித்தான் இருந்திருக்கும். பின்னாலிருந்து அனகா ஏதோ முணுமுணுத்தாள், துரை ம் என்றான். நான் சொல்கிற அதே ம். அதை எங்கிருந்து எடுத்தான். என்ன சொன்னாள் அவள். எனக்குப் புரியாத ஏதோ ஒரு நுட்பத்தைச் சொல்லியிருப்பாள், இவர்களெல்லாம் இதை வகுப்பில் நிறுத்தி நிறுத்திப் போட்டுப் படித்தவர்கள், நான் சாலிகிராமத்தில் ஒரு பழைய எடிட்டரிடம் வசவு வாங்கிப் படித்தவள். காதைப் பின்னால் வைத்துக்கொண்டு கண்ணை முன்னால் வைத்திருந்தேன், இரண்டும் சரியாக வேலை செய்யவில்லை.

அப்புறம் அந்த ஷாட் வந்தது. எல்லோரும் சொல்லும் ஷாட், புத்தகங்களில் போட்டோவாக வரும் ஷாட், இதற்காகத்தான் பாதிக் கூட்டம் வந்திருக்கிறது. அவள் வீடு. கணப்புச் சட்டி, அதன்மேல் கெட்டில், இரண்டு மெத்தைத் திண்டு, ஒன்றில் அவன் உட்கார்ந்திருக்கிறான், எதிரே இருக்கிற மற்றது அவளுடையது. அவள் உள்ளே கோட்டை எடுக்கப் போயிருக்கிறாள். கோட்டு வந்தது, கை மட்டும் தெரிந்தது. அவன் போட்டுக்கொண்டான், குனிந்து வணங்கினான், கதவை நகர்த்தினான், போய்விட்டான். அறை காலி. கெட்டிலில் ஆவி. ஒரு நொடி, இரண்டு, அப்போது என் நாற்காலியின் முதுகில் டொக் டொக். என் கை, கடவுளே, என் வலதுகை மடியிலிருந்து எழுந்து இல்லாத விசைப்பலகையை நோக்கிப் போயிற்று. ம் என்று சொல்லிவிட்டேனோ என்னவோ. துரை தட்டினான். உலகத்தின் மிகப் பொறுமையான ஷாட்டுக்கு, அரை மணிக்கு முன்னால் மேடையில் ஏறி மார்பில் கைவைத்துப் புகழ்ந்த பொறுமைக்கு, அவன் போதும் வெட்டு என்று தட்டினான், அவனுக்கே தெரியாமல், விரல் தானாகப் போய்த் தட்டிற்று. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. எழுந்து நின்று விளக்கைப் போடச் சொல்லிக் கத்த வேண்டும்போல இருந்தது. பார்த்தீர்களா, இவன்தான் தமிழின் குனிஹாரா, பார்த்துக்கொள்ளுங்கள். விரல் மறுபடி வரும், அவன் எப்போதும் இரண்டாம் தடவையும் தட்டுவான், நான் கேட்கவில்லை என்று நினைத்து. முதுகு காத்திருந்தது. வரவில்லை. அதற்குப் பதில் மெதுவாக ஒரு குரல் கேட்டது. "சார், வெயிட்." ஒரு வளையல் சத்தம். அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

அப்படியானால் அவளுக்கும் தெரியும். இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஏற்கெனவே அவன் அவள் பின்னால் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்துவிட்டான், இல்லாவிட்டால் அந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும். நான் திருட்டுத்தனமாக ம் என்று சொல்லி ஏமாற்றிய இடத்தில் அவள் வாயைத் திறந்து வெயிட் என்கிறாள், அவனும் கேட்டுக்கொள்கிறான். நான் ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பொறு துரை, என்று சொல்லியிருந்தால் அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கும், மேடையில் என் பேர் வந்திருக்கும். இதை நினைத்துக்கொண்டிருந்ததில் அறை இன்னும் காலியாகவே இருப்பதை மறந்துபோனேன். ஆவி. வெளியே ஒரு ரயில் கூவியது. என்னுடைய இடம் வந்தது. என்னுடைய இடம் என்றால், நான் வெட்டுகிற இடம், நாற்காலி விழுந்து ஒரு மூச்சு விட்ட பிறகு வருமே, அது. சுண்டுவிரல் கைப்பிடியில் தட்டியது, இப்போது போதும், என்று. படம் நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போனது. இவ்வளவு வருஷமாக அந்த எல்லைக்கு அப்பால் ஒன்றுமில்லை, வெறும் சுருள் ஓட்டம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் அங்கேயும் உட்கார்ந்திருந்தார். இப்போது எரிந்தது பாருங்கள், அதுதான் சரியான பொறாமை, வயிறு, நெஞ்சு, காது எல்லாம் எரிந்தது. பின்னால் அனகா அசையவில்லை. பலதடவை பார்த்திருப்பாள், தெரிந்தவளுக்குக் காத்திருப்பது ஒரு பெரிய காரியமா, என்று நினைத்தேன், நினைத்ததுமே அதன் அற்பத்தனம் எனக்கே தெரிந்தது. கெட்டிலின் ஆவி மெலிந்துகொண்டே வந்தது. நின்றும் போனது. அதற்கப்புறம் ஓரத்திலிருந்து அவள் வந்தாள். கெட்டிலை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அவன் உட்கார்ந்திருந்த திண்டில் போய் உட்கார்ந்தாள், அவன் உட்கார்ந்த மாதிரியே, கையை முழங்காலில் வைத்து. உட்கார்ந்து எதிரே இருந்த தன்னுடைய காலி இடத்தைப் பார்த்தாள். அவன் என்ன பார்த்தான், எதைப் பார்த்துவிட்டுப் போனான், என்று பார்த்தாள். அப்போது வெட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அந்த எழுத்துவீடுகளில் ஏதோ ஒன்றில் குடியிருக்கும் பேர் தெரியாத ஆளே, உன்னையும் யாராவது தட்டியிருந்தால் இது போயிருக்கும்.

மிச்சப் படம் எப்படி முடிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விளக்கு வந்தது, கைதட்டல், எல்லோரும் சமோசா பக்கம் நகர்ந்தார்கள். துரையைச் சுற்றிக் கூட்டம், அவன் எதையோ விளக்கிக்கொண்டே வெளியே போனான், அனகா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள். அரங்கம் காலி. நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. சுற்றிக்கொண்டு அஞ்சாவது வரிசைக்கு வந்து துரையின் இருக்கையில் உட்கார்ந்தேன். படத்தில் அந்தப் பொம்பளை செய்ததைச் செய்கிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன், வெட்கமாகத்தான் இருந்தது, பார்க்க யாருமில்லை. எதிரே என் நாற்காலி, மெரூன் துணி போட்டது, மேல்விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு, என் கொண்டை பட்ட இடமாக இருக்கலாம். அதற்கு மேலே வெள்ளைத் திரை, அடிப்பாகம் மறைந்திருந்தது. இத்தனை வருஷமும் அவன் பார்த்தது இதைத்தான், ஒரு முதுகு, அதற்கு மேலே கொஞ்சம் படம். பக்கத்தில் அவனுடைய குடை சாய்ந்து கிடந்தது. மறந்துவிட்டுப் போயிருக்கிறான். அப்படியானால் திரும்பி வருவான்.

வந்தான். கையில் டீக் கோப்பை. என்னைத் தன் இடத்தில் பார்த்ததும் ஒரு நொடி நின்றான், குடையைப் பார்த்தான், பிறகு நாலாவது வரிசைக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலித் திரையைப் பார்த்துக்கொண்டு. என் முகம் தெரியாமல் இருப்பது அவனுக்கு எப்போதும் வசதி. "அழுதியா வல்லி?" என்றான். "ஏசி," என்றேன். கொஞ்ச நேரம் டீயை உறிஞ்சினான். "புதுப் படம் அனகாகிட்ட குடுத்திருக்கேன். பாதி ரீல் பாத்தாச்சு. உன்கிட்ட நேர்ல சொல்லணும்னுதான்." நாலு நாளாக அது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஷாட்தான், அதில் இருந்ததுதான் இருந்தது. அவன் நிறுத்துவான் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. "தப்பா எடுத்துக்காதே. நமக்குள்ள ஒரு பழக்கம் வந்துடுச்சு, நான் நெனக்கிறதுக்கு முன்னாடி நீ பண்ணிடுறே, அது ரெண்டு பேருக்கும் நல்லதில்ல. புதுசா ஒரு கண்ணு வேணும்னு தோணுச்சு. உன்னை விட்டுட்டேன்னு இல்ல, நீ எப்பவும் இருக்கே, ஒரு கட் ரெடியானதும் நீதான் மொதல்ல பாக்கணும். யோசிச்சுப் பாரு, குனிஹாரா கூட கடைசிப் படத்துக்கு எடிட்டரை மாத்தினார். முப்பது வருஷம் கூட இருந்தவர். கோபத்துல இல்ல, ஒரு மரியாதையிலதான். ஏன்னா ஒரு கலைஞன் எப்பவாவது தன்னோட பழகின கையை விட்டு..." எனக்கு முன்னால் அவன் தலை இருந்தது, உச்சியில் முடி கொட்டி வட்டமாக, இத்தனை வருஷத்தில் நான் பார்த்தேயிராத பக்கம். அவன் பேசிக்கொண்டே போவான், எனக்குத் தெரியும், இப்போது எட்டு வருஷக் கடைக் கணக்கு வரும், அப்புறம் கப்பலேறிய பையன்கள் வருவார்கள். நான் விட்டால் ஓடும். விடுவதுதானே என் வேலை, விட்டு விட்டுத்தானே இங்கே வந்து சேர்ந்தேன். என் வலதுகை மடியிலிருந்து எழுந்தது. அந்த மெரூன் துணியின் மேல்விளிம்பில் இரண்டு விரலால் தட்டினேன், டொக் டொக். அவன் தட்டி ஒரு தடவைகூட நான் உடனே நிறுத்தினதில்லை. அவன் சொல்லின் பாதியில் நிறுத்தினான்.